ஒரு ஆட்டோவை இடித்தால் எல்லா ஆட்டோவும் நொறுங்குகிறது: கிளாஸ் இல்லாத கேம் மொழிகளில் பிழை தேடல்

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடியறை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சொந்தமில்லை. அக்கா மகனும் அவனுடைய கல்லூரித் தோழர்கள் இரண்டு பேரும் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். 'சில்க் போர்டு' என்று ஒரு கேம் செய்கிறார்கள். ஓசூர் சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கிற அந்தச் சிக்னலில் நீங்கள்தான் டிராஃபிக் போலீஸ். ஆட்டோ, பஸ், பைக், நடுவில் ஒரு மாடு. அரை மணி நேரம் யாரும் யாரையும் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் வெற்றி.

எழுதுவது லுவா மொழியில், லவ் என்ற கேம் என்ஜினுக்காக. கல்லூரியில் படித்தது ஜாவா. அதனால் முதல் வாரமே, "மாமா, இதுல கிளாஸே இல்ல, எப்படி எழுதறது?" என்று வந்து நின்றான். லுவா 1993-இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. அதில் கிளாஸ் கிடையாது, அதாவது ஒரு வகைப் பொருளுக்கு என்னென்ன தரவு, என்னென்ன வேலை என்று வரையறுக்கும் அச்சு கிடையாது. டேபிள் என்று ஒரே ஒரு பொருள்தான்: பெயருக்கு எதிரே மதிப்பை எழுதி வைக்கும் பட்டியல். அதை வைத்து எல்லாவற்றையும் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டலாம், நன்றாகவே கட்டலாம். ஆனால் ஜாவா நமக்காகச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்ட ஒரு கணக்கு இங்கே நம் தலையில் விழுகிறது: இந்தத் தரவு யாருடையது என்ற கணக்கு. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி அந்தக் கணக்கு தப்பியதால் வந்தவை. சில இந்த அறையில் வந்தவை, சில நானே பழைய கேம்களில் பட்டவை.

ஒரு விஷயம். உதாரணங்களில் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். லவ் என்ஜினுக்குள் இருக்கும் லுவாஜிட் (லுவாவை வேகமாக ஓட்டும் இன்னொரு வடிவம்) தமிழ்ப் பெயர்களை உண்மையாகவே ஏற்றுக்கொள்ளும். சாதாரண லுவாவில் அப்படியே போட்டால் எரர் வரும், என்னைத் திட்டாதீர்கள்.

அறிகுறி: ஒன்றுக்கு அடிபட்டால் எல்லாவற்றுக்கும் அடிபடுகிறது

ஒரு ஆட்டோவின் முன்பக்கம் நசுங்கியது. திரையில் இருந்த பதினோரு ஆட்டோவுக்கும் முன்பக்கம் நசுங்கியது. ஆனால் உயிர்ப் புள்ளி மட்டும் இடிபட்ட ஆட்டோவுக்கே குறைந்தது. இந்த 'ஆனால்' தான் துப்பு. பையன்கள் அதைக் கவனிக்காமல் இடிக்கும் ஃபங்ஷனை மூன்று மணி நேரம் நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் எழுதியிருந்தது இதுதான். 'ஆட்டோ' என்று ஒரு மாதிரி டேபிள். அதற்குள் உயிர் = 100, சேதம் = {}. புதிய ஆட்டோ வேண்டுமென்றால் ஒரு வெற்று டேபிளை உண்டாக்கி, அதன் மெட்டாடேபிளில் (ஒரு டேபிள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் இன்னொரு டேபிள்) 'உன்னிடம் இல்லாததை அந்த மாதிரியிடம் போய்க் கேள்' என்று சொல்லிவிடுவது.

இப்போது ஒன்று.உயிர் = ஒன்று.உயிர் - 10 என்று எழுதினால் என்ன நடக்கிறது? வலப்பக்கம் படிக்கிறது: தன்னிடம் உயிர் இல்லை, மாதிரியிடம் கேட்கிறது, 100 கிடைக்கிறது. இடப்பக்கம் எழுதுகிறது: எழுதுவது எப்போதும் தன் மேலேயே. 90 இந்த ஆட்டோவில் பதிகிறது, மாதிரியில் 100 அப்படியே இருக்கிறது. சரியாகவே வேலை செய்கிறது.

ஒன்று.சேதம்.முன்பக்கம் = உண்மை (லுவாவில் 'ட்ரூ') என்று எழுதினால் கதை வேறு. ஒன்று.சேதம் என்ற வரை அது படிப்புதான். தன்னிடம் இல்லை, மாதிரியிடம் போகிறது, அங்கிருக்கும் ஒரே ஒரு சேதப் பட்டியலைக் கையில் வாங்குகிறது. அந்தப் பட்டியலின் மேல்தான் 'முன்பக்கம்' எழுதப்படுகிறது. பதினோரு ஆட்டோவுக்கும் ஒரே ரேஷன் கார்டு.

உறுதிப்படுத்த ஒரே வரி போதும். ஒன்று.சேதம், இரண்டு.சேதம் இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள். லுவா டேபிளின் முகவரியைக் காட்டும். இரண்டும் ஒரே முகவரியென்றால் நோய் இதுதான். தீர்வு: எண், சரம், உண்மை/பொய் இவை மாதிரியில் இருக்கலாம். டேபிளாக இருக்கும் எதுவும் மாதிரியில் இருக்கக் கூடாது; ஆட்டோவை உண்டாக்கும் ஃபங்ஷனுக்குள் ஒவ்வொரு தடவையும் புதிதாக {} போட வேண்டும்.

முகவரி வேறாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் ஒரு படி உள்ளே போங்கள். சேதத்துக்குள் இன்னொரு டேபிள் இருக்கும். மேலோட்டமாக நகலெடுத்தபோது அது மட்டும் பொதுவாக நின்றிருக்கும். (கிளாஸ் இருந்தால் இது வராது என்று நினைக்க வேண்டாம். பைத்தானில் கிளாஸ் மட்டத்தில் ஒரு லிஸ்ட்டை வைத்துவிட்டு இதே கூத்தை நான் பார்த்திருக்கிறேன்.)

அறிகுறி: 'செல்ஃப்' எண்ணாக இருக்கிறது என்று எரர்

"அட்டெம்ப்ட் டு இண்டெக்ஸ் லோக்கல் செல்ஃப்" என்று தொடங்கும் எரர். அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

'எ நம்பர் வேல்யூ' என்று இருந்தால், முக்காற்புள்ளி போட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருக்கிறீர்கள். வண்டி:நகர்(5) என்றால் லுவா வண்டியையே முதல் மதிப்பாக, செல்ஃப் என்ற பெயரில், ரகசியமாக அனுப்பிவைக்கும். வண்டி.நகர்(5) என்றால் அனுப்பாது. 5 போய் செல்ஃப் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். 'எ நில் வேல்யூ' (நில் என்றால் ஒன்றுமில்லை) என்றால் அதே தவறுதான், அனுப்ப 5 கூட இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. புள்ளியோடு எழுதிய ஃபங்ஷனை முக்காற்புள்ளியோடு கூப்பிட்டால் எல்லா மதிப்பும் ஒரு இடம் தள்ளிப்போகும். எண் இருக்க வேண்டிய இடத்தில் டேபிள் வந்து, "டேபிளோடு கணக்குப் போட முடியாது" என்று வரும்.

கொஞ்சம் நுட்பமானது டைமர் சமாச்சாரம். 'இரண்டு விநாடி கழித்து வண்டி.நகர்' என்று டைமரிடம் கொடுத்தால், கொடுத்தது ஃபங்ஷனை மட்டும்தான். எந்த வண்டி என்பது வழியிலேயே கழன்றுவிட்டது. ஒரு சின்ன ஃபங்ஷனுக்குள் வண்டி:நகர்() என்று பொதிந்து அதைக் கொடுங்கள்.

அறிகுறி: 200-க்கு மேல் லோக்கல் வேரியபிள் என்று கம்பைல் ஆக மறுக்கிறது

கிளாஸ் இல்லை என்றதும் சிலர் எடுக்கும் முடிவு: சரி, எல்லாவற்றையும் தனித்தனி வேரியபிளாகவே வைத்துக்கொள்வோம். ஆட்டோ1_வேகம், ஆட்டோ1_திசை, ஆட்டோ2_வேகம்... லுவாவில் ஒரு ஃபங்ஷனுக்குள் 200 லோக்கல் வேரியபிளுக்கு (அந்த ஃபங்ஷனுக்கே உரிய வேரியபிள்) மேல் வைக்க முடியாது. கோப்பின் மேல்மட்டமும் ஒரு ஃபங்ஷன்தான். அதற்கு முன்பே, வெளியில் இருக்கும் வேரியபிள்களில் 60-க்கு மேல் ஒரே ஃபங்ஷன் தொட்டால் 'அப்வேல்யூ' அதிகம் என்று லுவா 5.1-ம் லுவாஜிட்டும் மறுத்துவிடும். 5.2-இலிருந்து அந்த எண் 255.

இதற்குக் குறுக்குவழியாக 'லோக்கல்' என்ற சொல்லையே எடுத்துவிடுவார்கள். எரர் போய்விடும். அதைவிட மோசமானது வந்துவிடும்: எல்லாம் குளோபல், அதாவது எல்லாக் கோப்புக்கும் பொது. ஒரு கோப்பில் 'வேகம்' என்று வைத்ததை இன்னொரு கோப்பின் 'வேகம்' அழிக்கும், வாயே திறக்காது. டேபிளில் கட்டுங்கள். கட்டிய பிறகு, குளோபல் டேபிளுக்கு ஒரு மெட்டாடேபிள் வைத்து, அறிவிக்காத பெயரில் யாராவது எழுதினால் எரர் எழுப்பச் சொல்லுங்கள். பத்து வரிகூட வராது. லுவாசெக் என்ற கருவியையும் ஓடவிட்டால் எழுத்துப்பிழையில் பிறந்த குளோபல்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

அறிகுறி: புதிதாக வந்தவருக்குப் பழையவரின் பணம்

இது லுவா அல்ல, பான். சி மொழியின் தம்பி மாதிரி இருக்கும். 'சான் ஆண்ட்ரியாஸ்' கேமுக்கு ரசிகர்கள் கட்டிய சாம்ப் என்ற மல்டிபிளேயரில் அதில்தான் எழுத வேண்டும். ஆப்ஜெக்ட் இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் 0, 1, 2 என்று ஒரு ஐடி. அவர் பணம், அவர் வீடு, அவர் அட்மினா இல்லையா எல்லாம் அந்த ஐடியை வைத்து அரேக்களில், அதாவது எண்ணிட்ட அறைகளின் வரிசைகளில்.

கல்லூரி நாட்களில் நண்பர்கள் நடத்திய ஒரு சர்வருக்கு நான்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு ராத்திரி யாரோ முன்பின் தெரியாத பையன் நுழைந்த பத்தாவது விநாடியில் எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். ஹேக் செய்துவிட்டான் என்று ஆளாளுக்குக் குதித்தோம். அவன் ஒன்றுமே செய்யவில்லை. அட்மினாக இருந்தவர் ஐடி 3-இல் இருந்து வெளியேறினார். காலியாக இருந்த சின்ன எண் 3 என்பதால் அடுத்து வந்தவனுக்கு அதே 3. அரேயின் மூன்றாம் அறையில் 'அட்மின் = 1' அழிக்கப்படாமல் உட்கார்ந்திருந்தது. வாடகைக்கு விட்ட வீட்டில் பழைய குடித்தனக்காரரின் பீரோச் சாவி.

முதல் மருந்து, ஆள் நுழையும்போது ஓடும் ஃபங்ஷனில் அவருடைய எல்லா அறைகளையும் சுழியமாக்குவது. வெளியேறும்போது செய்தால் போதாதா என்றால், செய்யலாம், ஆனால் நுழையும்போது செய்வதை விட்டுவிடக் கூடாது.

அது போதாது என்பது அடுத்த வாரம் தெரிந்தது. 'முப்பது விநாடியில் சிறையிலிருந்து விடு' என்று ஐடி 3-க்கு ஒரு டைமர் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் போய்விடுவான், டைமர் போகாது. புதிதாக 3-இல் வந்தவன் காரணமே இல்லாமல் சிறைவாசலில் போய் விழுவான். இதற்கு ஐடியோடு ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவர் நுழையும்போதும் ஒன்று கூடும் எண். டைமரிடம் இரண்டையும் கொடுத்து, அது அடிக்கும்போது 'ஐடி 3-இன் இப்போதைய வரிசை எண் நான் கொண்டுவந்ததுதானா?' என்று பார்த்து, இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிடச் சொல்லுங்கள்.

2002-இல் வந்த வார்கிராஃப்ட் மூன்றின் ஜாஸ் மொழியிலும் இதே வாழ்க்கைதான். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு அரே, எல்லா அரேக்களிலும் ஒரே எண் ஒரே ஆளைக் குறிக்கும். பொறுமை இழந்த வரைபடக்காரர்கள் (அந்தக் கேமுக்குச் சொந்தமாக மேப் செய்பவர்கள்) விஜாஸ் என்று ஒரு நீட்டிப்பைச் செய்து, ஒரு ஆளின் குணங்களை ஒன்றாகக் கட்டும் 'ஸ்ட்ரக்ட்' கொண்டுவந்தார்கள்; பிரித்துப் பார்த்தால் உள்ளே அதே இணை அரேக்கள்தான். அந்நாளில் அரேயின் அளவு 8192 என்பதால் ஒரு ஸ்ட்ரக்ட்டில் 8190 பிரதிக்கு மேல் எடுக்க முடியாமல் இருந்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து மந்திரங்கள் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகும். 'முதலில் நன்றாக ஓடுகிறது, அப்புறம் படுத்துவிடுகிறது' என்ற புகார் வந்தால் எடுத்த கணக்கையும் கொடுத்த கணக்கையும் எண்ணிப் பாருங்கள். 2019-இல் அந்தக் கேமுக்கு லுவாவையே கொண்டுவந்துவிட்டார்கள்.

அறிகுறி: அடித்தது ஒருவரை, விழுந்தது வேறொருவர்

1996-இல் வந்த குவேக்கின் குவேக்சி. ஜான் கார்மாக் செய்த மொழி. இதில் 'செல்ஃப்' என்பது மொத்த கேமுக்கும் ஒரே ஒரு குளோபல் வேரியபிள். என்ஜின் ஒரு ராட்சசனின் முறை வரும்போது செல்ஃபில் அவனை வைத்து அவன் ஃபங்ஷனைக் கூப்பிடும். நீங்கள் நடுவில் வேறொருவரின் ஃபங்ஷனை ஓட்ட வேண்டுமானால் செல்ஃபை மாற்றிவிட்டுக் கூப்பிட வேண்டும். திரும்பி வந்ததும் பழையதை வைக்க மறந்தால், அடுத்த வரியிலிருந்து நீங்கள் யார் என்பது உங்களுக்கே தெரியாது.

தேடும் வழி: செல்ஃபுக்கு மதிப்புக் கொடுக்கும் எல்லா வரிகளையும் தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே பழைய செல்ஃபைப் பத்திரப்படுத்தும் ஒரு வரியும், கீழே திருப்பி வைக்கும் ஒரு வரியும் இருக்க வேண்டும். நடுவில் 'ரிட்டர்ன்' இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தப்பும். குவேக்கின் சொந்த மூலநிரலிலேயே இந்த எடுத்துவைத்துத் திருப்பிவைக்கும் சடங்கு பல இடங்களில் இருக்கிறது.

அறிகுறி: ஒரு புது வண்டி சேர்க்க ஒன்பது இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது

இது எரரே தராது. பையன்கள் 'வஜ்ரா' பஸ்ஸைச் சேர்க்க நினைத்தார்கள், நம்ம ஊர் குளிர்சாதன பஸ். எளிய வேலை. நகர்த்தும் இடத்தில் 'வகை பஸ் என்றால்', வரையும் இடத்தில் 'வகை பஸ் என்றால்', ஹாரன், நிறுத்தம், இடி, மதிப்பெண் என்று ஒன்பது இடங்கள். எட்டில் சேர்த்துவிட்டு ஒன்றை மறந்தார்கள். வஜ்ரா மட்டும் மாட்டின் ஊடாகப் புகுந்து போனது.

லுவாவில் தீர்வு சுலபம்: ஃபங்ஷனும் ஒரு மதிப்புதான். நடத்தை['வஜ்ரா'] என்று ஒரு டேபிளில் நகர், வரை, இடி எல்லாவற்றையும் வையுங்கள். வஜ்ராவிடம் இல்லாததைப் பஸ்ஸிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒன்பது 'என்றால்' வரிகளும் நடத்தை[வண்டி.வகை].இடி(வண்டி) என்ற ஒரே வடிவமாகிவிடும். தெரியாத வகை வந்தால் அங்கேயே எரர் அடிக்கும். அதுதான் நமக்கு வேண்டும்.

ஃபங்ஷனை வேரியபிளில் வைக்க விடாத மொழிகளில்தான் சிரமம். நெவர்விண்டர் நைட்ஸ் என்ற கேமின் என்டபிள்யூஸ்கிரிப்ட் அப்படிப்பட்டது. அரேயும் இல்லை. அங்கே ஒரு தந்திரம் உண்டு: அந்தப் பாத்திரத்தின் மேல் ஒரு ஸ்கிரிப்டின் பெயரைச் சரமாக எழுதி வைத்து, வேண்டும்போது அந்தப் பெயரை எடுத்து 'எக்ஸிகியூட் ஸ்கிரிப்ட்' மூலம் ஓட்டுவது. கொடுக்க வேண்டிய மதிப்புகளையும் அதே பாத்திரத்தின் மேல் எழுதிவிட வேண்டும். வேலை செய்யும், ஆனால் இரண்டு குழிகள். ஸ்கிரிப்ட் பெயர் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதிவைத்த எண்ணின் பெயரில் ஒரு எழுத்து தவறினால் எரர் வராது, 0 வரும். 'சேதம் எப்போதும் சுழியம்' என்று புகார் வந்தால் கணக்கை விட்டுவிட்டு எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். பெயர்களையெல்லாம் ஒரே கோப்பில் மாறிலியாக வைத்துக்கொண்டால் பாதி நிம்மதி.

அறிகுறி: சேவ் செய்து திறந்தால் எதுவும் நகரவில்லை

'மெத்தட் நகர் நில்' என்று எரர் வரும். ஜேசன் என்ற எழுத்து வடிவக் கோப்பாக எழுதியபோது எண்ணும் சரமும் போயின, மெட்டாடேபிள் போகவில்லை. திரும்ப வந்தது ஆட்டோவின் உடம்பு மட்டும். ஒவ்வொரு வண்டியிலும் வகையின் பெயரைச் சரமாக வைத்திருங்கள், திறந்ததும் அந்தப் பெயரைப் பார்த்து மெட்டாடேபிளை மாட்டுங்கள். 'முன்னால் போகும் வண்டி' என்று ஒரு வண்டி இன்னொரு வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதை நேராக எழுதாதீர்கள். அதன் எண்ணை எழுதி, எல்லாம் திறந்த பிறகு இணைத்துவிடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் கிளாஸ் லைப்ரரி ஒன்றைப் போட்டால் இதெல்லாம் தீருமா என்று கேட்பார்கள். எழுதும் வசதி கூடும். சேவ் கோளாறு தீராது, பொதுப் பட்டியல் கோளாறும் தீராது. பிகோ-8 போன்ற குட்டி கன்சோலில் மொத்த நிரலுக்கே 8192 டோக்கன்தான் (டோக்கன் என்பது நிரலின் சொல், எண், குறி போன்ற ஒரு துண்டு). லைப்ரரிக்கு அதில் பங்கு கொடுக்க எனக்கு மனம் வராது. முதல் கேமை வெறும் டேபிளிலேயே எழுதிப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

அறிகுறி: அழித்த வண்டி இன்னும் இடிக்கிறது

இரண்டு காரணங்கள் இருக்கலாம். பட்டியலை முன்னிருந்து பின்னாக நடந்துகொண்டே நடுவில் ஒன்றை நீக்கினால், பின்னால் இருப்பவை ஒரு இடம் முன்னால் நகரும், அடுத்த வண்டி பார்க்கப்படாமலே தாண்டிப்போகும். அழிய வேண்டியது அழியாமல் நிற்கும். பின்னிருந்து முன்னாக நடந்தால் தீர்ந்தது.

இரண்டாவது, பட்டியலிலிருந்து நீக்கியாயிற்று, ஆனால் வேறு யாரோ அதைக் கையில் பிடித்திருக்கிறார்கள். லுவாவில் யாராவது ஒருவர் பிடித்திருக்கும்வரை டேபிள் சாகாது. எங்கள் மாடு அப்படித்தான் ஆனது. பட்டியலில் இல்லை, திரையில் இல்லை. ஆனால் பின்னால் நின்ற மூன்று பஸ்களும் 'முன்னால் இருப்பது' என்று அதையே பிடித்துக்கொண்டு, காலிச் சாலையில் ஹாரன் அடித்தபடி நகராமல் நின்றன. நீக்கும்போது வண்டி.இறந்தது = உண்மை என்று குறித்துவிட்டு, பிடித்திருப்பவர்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் அதைப் பார்த்து விட்டுவிட வேண்டும். ஆட்டோ, பஸ், பைக் மூன்றுக்கும் அப்படித்தான் திருத்தினோம்.

மாட்டுக்கு மட்டும் வேண்டாம் என்றான் அக்கா மகன். "மாமா, காரணமே தெரியாம எல்லாரும் நிக்கறாங்க. இதுதான் நிஜ சில்க் போர்டு."